மிதக்கும் ஜாடி

செமிலிங் ஊர் கிளினிக்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, தன் கணவர் உள்ளே போன டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெண்ணிடம் திடீரென்று சொன்னார்:

"தன் அஸ்திக்குத் தானே ஜாடி கடைஞ்சு வச்சிருக்காருக்கா. ரப்பர் மரத்துல."

"ஐயோ, ஏன் லா?"

"மரம் கடையுற மெஷின் வாங்குனதுலேருந்து பூச்சாடி, கிண்ணம்னு கடைஞ்சிட்டிருந்தாரு. இப்ப இது. நாலு தடவ வார்னிஷ், சுத்தித் தங்கக் கோடு வேற."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைங்குறாரு."

"தஞ்சோங் டாவாய் கடல்லதானே கரைப்பீங்க? மரம் மிதக்குமே."

"நானும் அதத்தான் சொன்னேன். கடல்ல விட்டா கரைக்கே திரும்பி வந்துடும்னு."

"அதுக்கு?"

அந்த அம்மா மறுபடி கதவைப் பார்த்தார்.

"'வரட்டுமே, நீ தனியாத்தானே இருப்பே'ன்னாருக்கா."