மூன்றாம் தொட்டிக் கசிவும் மண்சாமியின் பதிலும்

என் பெயர் லியாவ் சூ-ஃபென். வயது 47. தைவான், யுன்லின் மாவட்டம், சாலுன் கிராமத்தில் குடியிருக்கிறேன். திரு. கோ அவர்களின் பெட்ரோல் பங்கில் பதினான்கு ஆண்டுகளாக மேற்பார்வையாளர். முதலாளி கசிவைத் தெரிந்தே மறைத்தாரா என்ற விசாரணைக்காக இதைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 21 காலை தொட்டிகளில் அளவுகோல் விட்டுப் பார்த்தபோது மூன்றாம் தொட்டியில் பெட்ரோல் ஐந்தாவது நாளாகக் குறைந்திருந்தது. அதுவரை வெயிலில் ஆவியாகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். அது என் தவறு. அதன் பிறகு, கசிவு தெரிவதற்காக வளாகத்து மண்ணில் இறக்கியிருக்கும் கண்காணிப்புக் குழாயைத் திறந்தேன். குப்பென்று பெட்ரோல் வாடை அடித்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் நாற்பது மீட்டரில் ஆ-கிம் அக்காவின் கிணறு. அந்தத் தண்ணீரில்தான் அவர் முளைப்பயறு வளர்த்து மூன்று சந்தைகளுக்கு அனுப்புகிறார்.

உடனே முதலாளியிடம் சொன்னேன். அவர், "பேய்ங்க வெளிய சுத்துற பேய் மாசம் பொறந்து ஆறு நாள்தான் ஆவுது. இப்பப் போயி மண்ணைக் கிளறுனா சும்மா விடுமா? மாசம் முடியட்டும்," என்றார். "மாசம் முடியிறவரைக்கும் பெட்ரோல் காத்துக்கிட்டு இருக்குமா முதலாளி?" என்றேன். அப்படியானால் சாமியையே கேட்டுவிடலாம் என்றார்.

அதன் பிறகு பங்கின் பின்னால் இருக்கும், நிலத்தைக் காக்கும் மண்சாமியின் கோயிலுக்குப் போனோம். இப்போதே தோண்டலாமா என்று கேட்டு, அவர் ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். சாமியிடம் குறி கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் நான் போட்டேன். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம், இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் கவிழ்ந்தே விழுந்தன. மறுபடி போட்டேன், கவிழ்ந்தன. மூன்றாம் முறையும் அதே. சட்டென்று கட்டைகளை அள்ளிக்கொண்டு, "சம்மதம்னுட்டாரு முதலாளி, மூணு தடவையும்," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்த கையோடு சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஆகவே அவர் எதையும் மறைக்கவில்லை. மறுநாள் தோண்டினார்கள். தொட்டிக்கு அடியில் குழாய் இணைப்பு விட்டுப்போய், மண் கறுத்திருந்தது. அதன் பிறகு மதிலோரம் துளையிட்டு மண்ணும், கிணற்றிலிருந்து தண்ணீரும் எடுத்துப் போனார்கள்.

முடிவு வரப் பதின்மூன்று நாள் ஆனது. ஆ-கிம் அக்கா வியாபாரத்தை நிறுத்தி, வளர்ந்திருந்த பயறு முழுவதையும் கொட்டினார். "ஏன்டி, வண்டிக்கு ஊத்துறது போதாதுன்னு என் பயறுக்கும் ஊத்திட்டியா?" என்று தெருவில் வைத்துக் கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 4 அன்று முடிவு வந்தது. கிணற்றில் பெட்ரோல் இல்லை. களிமண் படுகை தடுத்ததில் கசிவு மதிலுக்கு ஆறு மீட்டர் முன்பே நின்றிருந்தது. இன்னும் மூன்று வாரம் விட்டிருந்தால் தாண்டியிருக்கும் என்றார் ஆய்வாளர். அக்கா மோட்டாரைப் போட்டு, முதல் குவளையைத் தான் குடித்து, அடுத்ததை என்னிடம் நீட்டினார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

மண்சாமி தோண்டச் சொன்னதாக முதலாளி தம் வாக்குமூலத்தில் கூறியிருப்பது அவர் நம்பியபடி உண்மை. சாமி வேண்டாம் என்றதும் உண்மை. பொய் சொன்னது நான் ஒருத்திதான். பயமில்லையா என்று அதிகாரி கேட்டார். சாமியுடைய மண்ணைத்தானே சுத்தம் செய்து கொடுத்திருக்கிறோம், பொறுத்துக்கொள்வார் என்றேன்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. முதலாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கட்டை விழுந்த விவரத்தை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். அதுவரை அவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

(ஒப்பம்) லியாவ் சூ-ஃபென்