புகை இல்லாத பாய்லர்

அரக்கோணத்தில் ரயில் ஏறியதிலிருந்து ஜன்னல் வழியாகக் கரி விழுந்துகொண்டே இருந்தது. என் வெள்ளைச் சட்டை அதோடு தீர்ந்தது. கிருத்திகைக்குத் திருத்தணி போகிற கூட்டம். எதிர்ப் பலகையில் மஞ்சள் புடவை கட்டிய அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“எங்க ஊட்டுக்காரரு அரிசி மில்லுல பாய்லர் பாத்துக்கறவரு. அந்தப் பொகைக்குழா பக்கத்துலதான் வேட்டி காயப்போடுவாரு.”

“கரி விழாதாக்கா?”

“அதைப் பாக்கத்தான் போடறது. யுத்தம் முடிஞ்சதும் அந்த மில்லுல எண்ணெயில எரியற பாய்லர் வெச்சாங்க. எண்ணெயும் காத்தும் சரியா சேந்தா பொகையே வராது. வேட்டியில ஒரு புள்ளி விழுந்தாலும் மறுபடி காத்தக் கூட்டிக் கொறைக்கற திருகாணியத் திருகுவாரு. மொத நாளு பொகையக் காணோமா, நெருப்ப அணைச்சிட்டான்னு மொதலாளி ஓடியாந்து, வேலைய வுட்டுப் போடான்னுட்டாரு.”

“ஐயையோ! அப்புறம்?”

“இவரு நேரா பாய்லராண்ட போனாரு. அடுப்புக் கதவைத் தொறந்தாரு. உள்ள தகதகன்னு எரிஞ்சிகினு இருக்குது!”

“கெட்டிக்காரருதான்.”

“ஆங். நேத்து இந்தப் பொடவைய அங்கதான் காயப்போட்டேன். ஒரு பொட்டு கரி விழல.”

தோளில் விழுந்திருந்த கரியைத் தட்டிவிட்டாள்.

“இது ரயில்காரன் போட்டது. அவனை ஒருவாட்டி எஞ்சின் பக்கத்துல வேட்டி காயப்போட்டுப் பாக்கச் சொல்லு.”