அவர் இறங்கி வரும்வரை தொடாதே

புழுதிக் காற்றைப் பொருட்படுத்தாமல், அடுப்பை அணைத்துவிட்டு, அழுத பிள்ளையை அணைத்துக்கொண்டு, இந்த மாலையில் இங்கே திரண்டிருக்கும் கலாமா என்னும் பாலைவனச் சுரங்க நகரத்துச் சொந்தங்களே!

இந்தக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்று, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "பத்து நிமிஷத்துல முடிச்சிடு" என்று எனக்குக் கண்ணாலேயே ஆணையிட்டுக்கொண்டிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவி எர்மின்டா அம்மையார் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே! ஏழு நாள் தாயாகவும், அடுத்த ஏழு நாள் தாயும் தந்தையுமாகவும் வாழ்கின்ற தாய்மார்களே! மலையிலிருந்து இறங்கி வந்தும் இன்னும் தூக்கம் தெளியாமல் பின்வரிசையில் சாய்ந்திருக்கும் சுரங்கத்துச் சகோதரர்களே! இந்த நேரத்தில் மேலே, மூச்சு முட்டும் உயரத்தில், முறை வேலையில் நின்றுகொண்டிருக்கும் சகோதரர்களே! இங்கே இல்லாதவர்களுக்கு எதற்கு வணக்கம் என்று கேட்கிறீர்களா? நம் வாழ்க்கையில் பாதி, இங்கே இல்லாதவர்களோடு பேசுவதுதானே! உங்கள் அனைவருக்கும் இந்த ஒரியானா தப்பியாவின் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளி அல்ல. தையல்காரி. சுரங்கத்து மேலாடைகளில் ஒளிரும் பட்டை தைத்துத் தைத்துத் தேய்ந்த விரல்கள் இவை. நாளை முதல் ஒவ்வொரு புதன்கிழமையும் இந்தக் கூடத்தில் ஒரு பழுது மேசை போடப்போகிறோம். கணினி, கைப்பேசி, அச்சு இயந்திரம் எது கெட்டாலும் கொண்டு வரலாம். நாமே திறந்து, நாமே பார்த்து, நாமே சரி செய்வோம். அதைத் தொடங்கி வைக்கத்தான் என்னை மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். ஏன் இந்தத் தையல்காரியை? அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தாய்மார்களே, நம் வீடுகளில் நாம் அதிகம் சொல்லும் வாக்கியம் எது? "சாப்பிட வா" என்பதா? "செல்லமே" என்பதா? இல்லை. "அவர் இறங்கி வரட்டும்!" என்பதுதான். கணினி கண் திறக்கவில்லையா? அவர் இறங்கி வரட்டும். அச்சு இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு விட மறுக்கிறதா? அவர் இறங்கி வரட்டும். மகளின் பாடம் திரையில் பாதியில் உறைந்து நிற்கிறதா? பாடமும் காத்திருக்கட்டும், பரீட்சையும் காத்திருக்கட்டும், அவர் இறங்கி வரட்டும்! ஏழு நாள் மேலே, ஏழு நாள் கீழே. அவர் மேலே இருக்கும் ஏழு நாளிலும் பார்த்துப் பார்த்துப் பழுதாகிற இந்தச் சாமான்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அங்கே யார் சிரிப்பது? மிரெய்யாவா? சிரி, சிரி! உன் வீட்டுத் தொலைக்காட்சி இரண்டு மாதமாகக் குரல் இல்லாமல் ஊமைப்படம் காட்டுகிறது என்று தெருவுக்கே தெரியும்!

என் கணவர் நிபால்தோ சாதாரண ஆளா? மூன்று மாடி உயர லாரிகளுக்குள் இருக்கும் கணினிகளைக் கண்ணை மூடிக்கொண்டு சரி செய்கிறவர். நூறு லாரிகளுக்கு வைத்தியர். ஆனால் வீட்டுக் கணினிக்கு? என் பட்டியல் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். அவர் பையை இறக்குவதற்குள் நான் வாசிக்கத் தொடங்குவேன்.

"கிழவா, இணையம் வரலை."

"கிழவி, எனக்கு மூச்சே இன்னும் வரலை."

இரண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் பட்டியல். ஆறாம் நாள் பாதிப் பட்டியல் மிச்சம். ஏழாம் நாள், முடிக்காத சாமான்களின் மேல் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்.

சிவப்பு அட்டை! அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? மேலே ஒரு இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவர் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டுவார். "தொடாதே." அவ்வளவுதான். அவரைத் தவிர வேறு ஒருவரும் அதை எடுக்கக்கூடாது. மேலதிகாரியே வந்தாலும் கூடாது. ஏனென்றால் அந்த அட்டைக்குப் பின்னால் ஒருவரின் கை இருக்கிறது, உயிர் இருக்கிறது. என் அப்பாவின் அட்டையை ஒருவன் அவசரத்தில் எடுத்தான். அப்பா அதன்பிறகு எட்டு விரல்களோடுதான் வீடு திரும்பினார். அதனால் எங்கள் வீட்டில் அட்டை என்றால் விளையாட்டில்லை. நிபால்தோ வேடிக்கைக்காகத்தான் வீட்டுச் சாமான்களில் மாட்டினார். ஆனாலும் நான் ஒரு நாளும் அதில் விரல் வைத்ததில்லை.

போன பிப்ரவரியில் எங்கள் கணினி கண் திறக்கும், ஏழு நிமிடம் ஓடும், அணைந்துவிடும். நிபால்தோ மலையேறும் காலையில் அதன் தலையில் அட்டையைக் கட்டினார். "பழுது. தொடாதே. நிபால்தோ."

"அடுத்த புதன் இறங்கினதும் பார்க்கிறேன். அதுவரைக்கும் சூடாக்காதே, எரிஞ்சிடும்" என்றார்.

நானும் தலையை ஆட்டினேன். அந்தக் கணினிக்குள் என்ன இருந்தது தெரியுமா? அரசிடம் வீடு கேட்கும் நம் குழுவின் விண்ணப்பம்! முப்பத்தெட்டுக் குடும்பங்கள்! மாமியார் வீட்டுக் கொல்லையிலும், அண்ணன் வீட்டு மாடிப்படிக்குக் கீழும், சொந்தமாக ஒரு கதவு இல்லாமல் எட்டு வருடம் காத்திருக்கும் முப்பத்தெட்டுக் குடும்பங்களின் தாள்கள்! மூன்று மாதமாக நான் ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றியவை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் இணையத்தில் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டுதான். மூலத்தாள்கள் முப்பத்தெட்டு வீடுகளில் சிதறிக் கிடந்தன, பாதி வீட்டுக்காரர்கள் மலையில். நான் போட்ட கணக்கு என்ன? புதன் இறங்குவார், வியாழன் சரி செய்வார், வெள்ளி அனுப்புவேன். கணக்கில் மழைக்கு இடமே வைக்கவில்லை!

செவ்வாய்க்கிழமை மலையில் மழை கொட்டியது. பாதை அறுந்தது. புதன்கிழமை பஸ் வரவில்லை. கணினியை அட்டையோடு பழுதுக்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வச்சிட்டுப் போங்கம்மா, திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றார் கடைக்காரர். திரும்ப வீட்டுக்கே தூக்கி வந்தேன்.

அன்று மாலை கதவைத் தட்டியது யார் தெரியுமா? அதோ, மூன்றாம் வரிசையில், மடியில் சின்ன மகளோடு உட்கார்ந்திருக்கிறாளே, யஸ்னா! மாமியார் வீட்டுக் கொல்லையறையில் புருஷன், இரண்டு மகள்கள், நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு வாழ்கிறவள்.

"அக்கா, அனுப்பியாச்சா? பெரியவ தனக்கு எந்த மூலைன்னு இப்பவே சண்டை போடுறா" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? உண்மையைச் சொன்னேனா?

"அனுப்பியாச்சும்மா" என்றேன்.

பொய்! பச்சைப் பொய்! எர்மின்டா அம்மையாரே, உங்களிடம்கூட நான் சொல்லவில்லை. அவள் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள். அந்த முத்தம் என்னை அறைந்த அறையை இன்றும் நான் மறக்கவில்லை. யஸ்னா, இத்தனை பேர் முன்னிலையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்ன? சத்தமாகச் சொல். என்ன சொன்னாய்? "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்கிறாளே! எப்படியடி தெரியும்? ... கேளுங்கள் இவள் சொல்வதை! "கணினி மேல சிவப்பு அட்டை தொங்குது, அதுக்கு மேல மேசைத்துணியைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க, எனக்குக் கண்ணில்லையா அக்கா?" என்கிறாள். தெரிந்தேதான் முத்தம் கொடுத்தாயா? ஐயோ, எனக்குத் தண்ணீர் கொடுங்கள் யாராவது.

நன்றி. தொடர்கிறேன்.

வியாழன் நண்பகல். நான் அந்த அட்டைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் திருப்புளி. ஒரு துண்டு அட்டை! என்னைத் தடுத்தது அதுதான், நம்புவீர்களா? கை நீளும், அப்பாவின் விரல்கள் நினைவுக்கு வரும், கை மடங்கும். அப்போது தொலைபேசி அடித்தது. மேலே முகாமில் ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல் வரும், அங்கே வரிசையில் நின்று பேசினார் நிபால்தோ.

"கிழவி, பாதை இன்னும் திறக்கலை. சனிக்கிழமைதான் போல. நான் இறங்கி வந்து—"

"நிபால்தோ, நாளைக்கு ரெண்டு மணி. முப்பத்தெட்டுக் குடும்பம்."

"தெரியும்."

"நான் திறக்கப் போறேன்."

அந்தப் பக்கம் காற்று இரைகிறது. பின்னால் யாரோ "சீக்கிரம் பேசுய்யா!" என்று கத்துகிறார்கள். நான் நினைத்தேன், திட்டப்போகிறார், உனக்கென்ன தெரியும் என்று கேட்கப்போகிறார் என்று. அவரோ, மேலே வேலைக்கு முன் நடக்கும் கூட்டத்தில் பேசுகிற குரலில் பேசினார்.

"இது நிபால்தோ. என் அட்டையை எடுக்க உனக்கு அனுமதி தர்றேன். ஆனா வெறும் அட்டையை எடுத்துட்டுத் தொடாதே. முதல்ல மின்சாரத்தைப் பிடுங்கு. அப்புறம் உன் பேரை எழுதி உன் அட்டையை மாட்டு. யார் கை உள்ளே போகுதோ அவங்க பேர்தான் வெளியே தொங்கணும்."

தொடர்பு அறுந்தது.

தாய்மார்களே! இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குப் பூ வந்திருக்கிறது, போர்த்திக்கொள்ள அழகான சால்வை வந்திருக்கிறது. ஆனால் அந்த அனுமதியைப் போல ஒரு பரிசு வந்ததில்லை. ஒரு சிவப்புத் துணியை வெட்டினேன். எழுதினேன். "பழுது பார்க்கிறேன். தொடாதே. ஒரியானா."

மின்சாரத்தைப் பிடுங்கி, அவர் அட்டையைக் கழற்றி, என் அட்டையை மாட்டித் திறந்தேன். உள்ளே என்ன இருந்தது? மந்திரமா? மாயமா? மலையளவு அறிவியலா? மண்! நம் கலாமா மண்! தினமும் மதியக் காற்றில் சன்னல் இடுக்கில் நுழைந்து நம் ரொட்டியில் நறநறக்கிற அதே மண், உள்ளே சுழல வேண்டிய சின்ன விசிறியைச் சுற்றிக் கம்பளிபோல் படிந்து கிடந்தது. பஞ்சு அடைத்தால் என் தையல் இயந்திரம் சூடாகி நிற்குமே, அதே நோய்! வாரம் தவறாமல் நான் பார்க்கிற நோய்! அதே தூரிகையை எடுத்தேன். அதே பொறுமையோடு துடைத்தேன். மூடினேன். ஒரு திருகாணி மட்டும் மிஞ்சியது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் கணினி கண் திறந்தது. ஏழு நிமிடம் ஓடியது. எட்டு ஓடியது! இருபது ஓடியது! மறுநாள் வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்று இருபதுக்கு, முப்பத்தெட்டாவது குடும்பத்தின் தாளும் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் பதில் வந்தது. கடைசியாக அனுப்பியது உன்னுடையதுதான் யஸ்னா, பலமுறை சரிபார்த்தேன்.

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் வீடு இன்னும் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில்தான் நிற்கிறோம். ஆனால் வரிசைக்குள் நிற்கிறோம்!

சனிக்கிழமை மாலை நிபால்தோ இறங்கி வந்தார். உள்ளே நுழைந்தார், கணினியைப் பார்த்தார். மிஞ்சிய திருகாணிக்கு இடம் தெரியாததால் அதன் மேல் என் அட்டை இன்னும் தொங்கியது. நூறு லாரிகளுக்கு வைத்தியர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தொடவில்லை!

"கிழவி, நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

"என் வேலை முடியட்டும்."

காத்திருந்தார், தாய்மார்களே! என் வீட்டில், என் நாற்காலியில், ரொட்டியும் தேநீரும் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் காத்திருந்தார்! என்ன பின்வரிசையில் இருமல்? நிபால்தோ, நீங்கள்தானே? நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லையே!

பிறகு அவர் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தார். வெறுங்கதவு.

"பட்டியல் எங்கே?"

"இல்லை. அச்சு இயந்திரமும் சரி பண்ணியாச்சு."

"அப்போ நான் எதுக்கு இறங்கி வந்தேன்?" என்று கேட்டுச் சிரித்தார். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.  இருபத்தாறு வருடமாக இந்த மனிதருக்கு வாசலிலேயே பழுதுகளை வாசித்தேனே தவிர, வேறு எதற்காகவும் அவரை எதிர்பார்த்ததாக நான் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"சாப்பிட. தூங்க. என்கூட நடக்க" என்றேன்.

மறுநாள் லோவா ஆற்றங்கரையில் இருவரும் நடந்தோம்.  பட்டியல் இல்லாமல் பேசினோம்.

ஆகவே தாய்மார்களே! இதோ என் கையில் முப்பத்தெட்டுச் சிவப்பு அட்டைகள். பழைய மேலாடைத் துணியில் நான் தைத்தவை. பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. நாளை இந்த மேசைக்கு வாருங்கள். கெட்டதைக் கொண்டு வாருங்கள். உங்கள் பெயரை எழுதுங்கள். மின்சாரத்தைப் பிடுங்குங்கள். திறந்து பாருங்கள்! உள்ளே இருப்பது உங்கள் வீட்டு மண்ணாகக்கூட இருக்கலாம். தெரியாததைக் கேட்போம், கேட்டதைக் கற்போம், கற்றதைக் கைமாற்றுவோம். இயந்திரத்துக்காக இனி ஒரு நாளும் காத்திருக்க மாட்டோம். மனிதருக்காகக் காத்திருப்போம், மனதாரக் காத்திருப்போம்!

எர்மின்டா அம்மையார் மணி பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பொய்யை மன்னித்த யஸ்னாவுக்கும், மேலே இருப்போருக்கும் கீழே இருப்போருக்கும் நன்றி. நிபால்தோ, நாளைக் காலை நீங்கள் பஸ் ஏறுகிறீர்கள். இறங்கி வரும்போதெல்லாம் தேடுகிறீர்களே, அந்த மிஞ்சிய திருகாணி, அது என் ஊசிப்பெட்டியில் இருக்கிறது. அது எந்த இடத்துத் திருகாணி என்று எனக்கும் தெரியாது. பத்திரமாகப் போய்வாருங்கள். நீங்கள் இறங்கி வந்ததும், தூங்கி எழுந்ததும், இருவருமாகத் தேடுவோம்.

வணக்கம்!