கண்ணாடியில் ஏபி ரத்தம்

என் இருமல் மருந்தில் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், சார். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாகக் கம்பவுண்டர். சுவக்கீன் என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

எழுபத்து நாலு ஆகஸ்டில் கங்காணி கருத்தப்பாண்டி, ஆட்கள் முன்னால் என் மருந்துச் சீசாவைக் குலுக்கிப் பார்த்தார். "என்னவே கம்பவுண்டரே, இதெல்லாம் ஒரு மருந்தா? வெறும் கலர் தண்ணில்லா." எல்லாரும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. மறுநாள் காலை ஏலக்காய் ஸ்டோரில் அவரை இரும்புக் கம்பியால் அடித்தேன். ஒரே அடி. வலிக்காமல் ஊசி போடுவதில் எனக்கு அங்கே நல்ல பெயர்.

வாசலில் ஆள் அரவம் கேட்டு ஜன்னல் வழியாக இறங்கும்போது உடைந்த கண்ணாடி கையைக் கிழித்துவிட்டது. நானே கட்டுப் போட்டுக்கொண்டேன். கம்பவுண்டர் கையில் கட்டு இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

கண்ணாடியில் இருந்த ரத்தம் ஏபி குரூப், கங்காணியுடையது பி என்று போலீஸ் லேபிலிருந்து தகவல் வந்தது. கங்காணியோடு சண்டை போட்டிருந்த தோட்டத்து ஆள் சென்னிமலையைப் போலீஸார் கூட்டிவந்து, கோர்ட் உத்தரவு என்று ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார்; அன்று நான் மட்டும். சென்னிமலை ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தான். கான்ஸ்டபிள் தண்ணீருக்கு ஓடினார். அதற்குள் என் ரத்தத்தைக் குப்பியில் நிரப்பி, சென்னிமலை என்று அழகாக எழுதி ஒட்டினேன்.

நூற்றில் ஐந்தாறு பேருக்குத்தான் இந்த ரத்தம் என்றார் சர்க்கார் வக்கீல். அப்படியென்றால் ஐந்நூறு பேர் இருக்கும் எங்கள் தோட்டத்திலேயே முப்பது பேர் தேறுவார்களே என்று யாரும் யோசிக்கவில்லை. சென்னிமலையின் வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: ஏபி என்பது யாருடைய இனிஷியல்?

தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில், கான்ஸ்டபிளோடு சென்னிமலை என்னிடம் வந்தான். "ஏனுங்க கம்பவுண்டரே, ரத்தமே சொல்லுதுன்னா நாந்தான் செஞ்சிருப்பனுங்களா? முந்தின ராத்திரி குடிச்சதுல எனக்கு ஒண்ணுமே நெனப்பில்லீங்களே."

"நெனப்பு பிசகும்டே. ரத்தம் பிசகாது."

பாவம், அதன்பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. என்னைக் கும்பிட்டுவிட்டு ஆயுள் தண்டனைக்குப் போனான்.

போன மாதம் ஜெயிலில் அடிபட்ட ஒருவனுக்கு ரத்தம் கொடுக்க சென்னிமலை தானாகவே கை நீட்டியிருக்கிறான். சோதித்தால் ஓ குரூப். அதனால்தான் நீங்கள் மலை ஏறி வந்திருக்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கங்காணியைக் கொன்றது நான்தான். ஆனால் சென்னிமலை விஷயத்தில் என்மேல் பழி போடாதீர்கள். கோர்ட்டார் கொலைகாரனின் ரத்தம் கேட்டார்கள். நான் அதைத்தான் அனுப்பினேன்.