விலையில்லா மந்திரம்

டீ நன்றாக இருந்தது, மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்டேஷன் டீ என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

நீங்கள் கதை படிப்பவர் இல்லை என்று முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. அதனால் எளிமையாகச் சொல்கிறேன். நானும் சீவகனும் நான்கு வருடமாக ஒரு கதைச் செயலியில் தொடர் எழுதினோம். மந்திரவாதிகள் வாழும் நாட்டுக்கு ரயிலும் மின்சாரமும் வந்து சேருகிற கதை. எழுதுவது அவன், மந்திரங்களுக்கு விதி வகுப்பது நான். விளக்கேற்றும் மந்திரம் சொன்னால் ஒரு நாழிகை கண் தெரியாது. பாறையை நகர்த்தினால் ஒரு நகம் விழும். பிறர் காய்ச்சலைத் தீர்த்தால் அந்தக் காய்ச்சல் தனக்கு வரும். அளவு மீறினால் சாவு. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பூஜை செய்கிறது. ஒன்றும் கொடுக்காமல் வரம் வாங்கியவன் கதை எதையும் நான் கேட்டதில்லை.

சீவகன் கீழ்பென்னாத்தூர் நயினார் வீட்டுப் பிள்ளை, சமணர்கள். நல்லவன். எழுத்தில் அதுதான் அவன் நோய். உடம்பில் வேறு நோய், சிறு வயதிலிருந்தே சர்க்கரை. மேல்கையில் சர்க்கரையை அளக்கும் ஒரு வில்லை ஒட்டியிருப்பான். சர்க்கரை ரொம்ப இறங்கினால் அவன் போன் கத்தும். அந்த வில்லையைக் கொண்டுபோய் எண்பதாவது அத்தியாயத்தில் வைத்துவிட்டான். மந்திரவாதிகள் கையில் ஒரு பட்டை. மந்திரத்தின் விலை உயிரைத் தொடுவதற்கு முன்பே அது எச்சரிக்கும், அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். யாரும் சாக மாட்டார்கள்.

“ரயிலே வந்துருச்சு, இது வரக்கூடாதா? இன்னும் எத்தினி பேரைடா சாகடிப்ப?” என்றான்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று வாழ்கிற வாசகர்களுக்கு வேறென்ன வேண்டும்? கொண்டாடினார்கள். ‘சீவகன் சார் மனசு தங்கம்’ என்று நானூறு பேர். விதிகளை வகுத்தது யார் என்று ஒருவனும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஓசியில் கிடைக்கிற மந்திரத்துக்குக் கைதட்டுகிறவர்களிடம் பாராட்டு வாங்கி என்ன ஆகப்போகிறது?

போன வியாழக்கிழமை மலை சுற்றிவிட்டு, அடி அண்ணாமலையில் இருக்கும் என் அறைக்கு வந்தான். பொழுது சாய்ந்தபின் அவன் சாப்பிட மாட்டான். அவர்கள் வழக்கம் அது. அதனால் ஐந்தரைக்கே, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தான். ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். நான் பட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கதையைத் தொட்டால் அவனுக்குச் சோறு மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஜன்னலில் வெளிச்சம் போன பிறகுதான் கவனித்தான். டப்பாவை மூடினான்.

“பொழுது போச்சு. சரி உடு. சர்க்கரை இறங்குனா போன் கத்தும், குளுக்கோஸ் போட்டுக்கறேன். அது மருந்து, தப்பில்ல.”

வாசகர் கருத்துகளைப் படிக்கச் சொல்லி அவன் போனை என்னிடம் கொடுத்திருந்தான். அதன் சத்தத்தை நிறுத்தினேன். அவ்வளவுதான். எச்சரிக்கை இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று ஒரு எழுத்தாளன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அவனுக்கு வியர்த்தது. பேச்சு குழறியது. பாயில் சாய்ந்தான். போனில் எண்கள் சிவப்பாக இறங்கின. ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.

“அருணேஷ், போன் கத்துச்சா?”

“இல்லடா. எல்லாம் நார்மலாத்தான் இருக்கு. மலை சுத்துன அலுப்பு. படு.”

நம்பினான். விதியைச் சரிபார்ப்பது அருணேஷ் வேலை என்று நான்கு வருடமாகச் சொல்லி வந்தவன் அவன்தானே. குளுக்கோஸ் பொட்டலம் அவன் பையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கூப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். இரண்டும் தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கதைதான் முக்கியம். பட்டையை எடுத்துவிட்டு அந்த அத்தியாயத்தைத் திருத்தி ஒன்பது மணிக்குச் செயலியில் ஏற்றினேன். முகப்பில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. செத்தவன் பெயர் எதற்கு என்று அவனுடையதை நீக்கினேன். அப்போது அவன் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான்.