மூச்சு விடுற ஓடு

— விரலை மடக்கி நடுவுல தட்டுங்க சார். ஓரத்துல தட்டினா எல்லா ஓடும் நல்ல ஓடுதான். ம்ம், இப்ப என்ன சொல்லுது?

— கணீர்னு சொல்லுது! கேட்டியாம்மா? வெண்கலம் தோத்துப் போகணும்.

— கேட்டேங்க. ஒரே ஒரு கேள்வி. இதை நம்ம கான்கிரீட்டுக்கு மேலதானே ஒட்டப் போறாங்க?

— ஒட்டறதுன்னு சொல்லாத, பதிக்கிறது. கீழ கான்கிரீட் பாதுகாப்புக்கு, மேல ஓடு பாரம்பரியத்துக்கு. மண்ணு மூச்சு விடும்மா. அதான் ஆக்சுவலா கான்செப்டே.

— கான்கிரீட்டு மேல உக்காந்துக்கிட்டு மூச்சு விட்டா அது யாருக்குங்க வரும்?

— காக்காவுக்கு வரும் மேடம்.

— யோவ் கடைக்காரரே, நீங்க யாரு பக்கம்?

— நான் ஓட்டுப் பக்கம் சார். உள்ளதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஓடு வாங்க வர்றவங்க பாதிப் பேரு கீழ கான்கிரீட்டைப் போட்டு, அதுக்கும் கீழ பால்ஸ் சீலிங் அடிச்சு, ஏ.சி.யை மாட்டிட்டுத்தான் வர்றாங்க. கூரையைப் பார்க்கணும்னா தெருவுல இறங்கி நிக்கணும்.

— தெருவுல நின்னு பார்க்கிறவங்களுக்குத்தானே வீடே கட்டறோம்?

— அதைச் சொல்லுங்க. உள்ள இருக்கிறவங்களைப் பத்தி யாரு நினைக்கிறா.

— ஆரம்பிச்சிட்டா. கடைக்காரரே, இந்தப் புது ஓடு வேணாங்க. எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி பளபளன்னு நிக்குது. எனக்கு வயசான ஓடு வேணும்.

— அதுக்கென்ன சார், புகை போட்டு, பாசியைக் கரைச்சுத் தெளிச்சு, ஒரே மாசத்துல நூறு வயசாக்கிக் குடுத்துடறேன். போன வாரம் ஒரு டாக்டர் வீட்டுக்கு இருநூறு வயசே பண்ணிக் குடுத்தோம்.

— டூப்ளிகேட் வயசு நமக்கு ஆகாது. ஒரிஜினலா வேணும். வெயிலைப் பார்த்திருக்கணும், மழையைக் குடிச்சிருக்கணும், அதுக்குக் கீழ மனுஷங்க வாழ்ந்திருக்கணும்!

— ஒரிஜினல்னா ஒழுகும்ங்க.

— கழுதைக்குத் தெரியுமா...

— நிறுத்திட்டீங்களே. முழுசாச் சொல்லுங்க.

— பொதுவாச் சொன்னேன்.

— நான் ஓட்டு வீட்டுல பொறந்து வளர்ந்த கழுதைங்க. மழை வந்தா எந்தச் சொட்டுக்கு எந்தக் குண்டான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். பூனைங்க சண்டை போட்டா ஓடு நகரும். அதைச் சரி பண்ண ஒருத்தர் மேல ஏறுவாரு. ஏறினவர் மிதிச்சதுல இன்னும் நாலு உடையும்.

— உங்க அம்மா வீட்டை இதுல கொண்டாந்து சேர்க்காத. அதெல்லாம் ஓட்டு வீடா? சல்லடை. கடைசியா போனப்ப சாப்பிட உக்காந்தேன் கடைக்காரரே, நேரா தட்டுக்குள்ள சொட்டுது. ரசத்துக்கு ஆசைப்பட்டவனுக்கு ரெண்டு ரசம். எழுந்தவன்தான், அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலையே.

— அப்பவே கேட்டேன், ஒரு ஆளை அனுப்பி ஓடு மாத்திக் குடுங்கன்னு.

— தாரைப் பூசச் சொன்னேன்ல?

— பூசினாங்க.

— அவ்வளவுதானே. இன்னும் ஒழுகினா ஷீட்டைப் போட்டுக்க வேண்டியதுதான். அந்தக் குப்பையை வச்சுக்கிட்டு ஏன் மாரடிக்கணும்?

— ஷீட்டைத் தாங்கச் சுவர் வேணுமேங்க. பின்பக்கச் சுவரு சாஞ்சு நிக்குது. இந்த மழைக்குத் தாங்காதுன்னு கொத்தனாரே கையை விரிச்சிட்டாரு. அதான் கேட்கிறேன், புது வீட்டுல அந்தப் பின் ரூமை அம்மாவுக்கு...

— அது தியான அறை. எத்தனை தடவை சொல்றது?

— நீங்க தியானம் பண்ணி நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே.

— ரூம் இல்லாம எப்படிப் பண்றது?

— இருக்கிற ரூமுல கண்ணை மூடினா குறட்டைதான் வருது.

— மேடம், சார், ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வாங்க. வெயில்ல நின்னா கோவம் அதிகமாகும். அதோ, அந்த மூலையில ஒரு அடுக்கு இருக்கு பாருங்க. இன்னைக்குக் காலையிலதான் வந்து இறங்குச்சு.

— அடடா!

— என்னங்க?

— அடடடா! இதைப் பாரும்மா. இதைத்தான் நான் மனசுக்குள்ள இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன். அந்த நிறத்தைப் பாரு. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பழுப்பு, ஒண்ணு பாசி. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல!

— உடைய உடைய ஒவ்வொரு கடையில வாங்கிப் போட்டிருப்பாங்க. அதான் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல.

— உனக்கு ரசனையே கிடையாது. கடைக்காரரே, இதுல கருப்பா படிஞ்சிருக்கே, இது என்ன?

— அடுப்புப் புகை சார். சமையக்கட்டுக்கு மேல இருந்த ஓடு.

— எத்தனை வருஷச் சமையல்! எத்தனை பேரு பசி! தொட்டுப் பாரு, சும்மா தொட்டுப் பாரு.

— வேணாங்க. நீங்களே தொடுங்க.

— ஏன், தொட்டா என்ன?

— தூசிங்க. கையில ஒட்டிக்கும்.

— இங்க பாரு, இந்த ஓட்டுல நடுவுல கருப்பா ஒரு வட்டம். ஏதோ குறியீடு மாதிரி இருக்கு. அந்தக் காலத்துல வச்சிருப்பாங்க, கண்ணு படாம இருக்க.

— அது தாரு சார். ஒழுகின இடத்துல பூசியிருக்காங்க.

— இல்ல கடைக்காரரே. அதுல ஒரு அழகியல் இருக்கு. இதைத் தனியா எடுத்து வைங்க. வாசலுக்கு நேர் மேல, வர்றவங்க கண்ணுல படற மாதிரி பதிக்கணும்.

— தாரைப் பூசச் சொன்னவர் பெரிய கலைஞரா இருப்பாருங்க.

— சந்தேகமே இல்ல. இது எந்த வீட்டு ஓடு கடைக்காரரே?

— ஒரு பெரியம்மா வீடு சார். தனியா இருந்தாங்க. சுவரு படுத்துக்கப் பார்த்துச்சு, தலை மேல விழறதுக்குள்ள நாமளே பிரிச்சிடலாம்னு துணிஞ்சு முடிவு பண்ணிட்டாங்க. பிரிக்கும்போது ஒரு ஓடு உடையலை தெரியுங்களா? கீழ நின்னுக்கிட்டு எங்க ஆளுங்களை அந்த விரட்டு விரட்டினாங்க.

— பார்த்தியா, பொருளோட மதிப்பு தெரிஞ்சவங்க. வீட்டைப் பிரிச்சிட்டு இப்ப எங்க போறாங்க?

— பொண்ணு வீட்டுக்குத்தான் சார். ஒரே பொண்ணாம்.

— பொண்ணுன்னா அப்படி இருக்கணும்.

— ஆனா மாப்பிள்ளை ஒத்துக்கணுமேங்க.

— ஒத்துக்காம? இப்படி ஒரு கூரைக்குக் கீழ பொண்ணை வளர்த்துக் குடுத்திருக்காங்க. அவங்களுக்கு ஒரு ரூம் ஒதுக்க மனசு வரலைன்னா அவன் மனுஷனா?

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதை?

— கடைசியாச் சொன்னதை. கடைக்காரர் காதுல சரியா விழலை போல.

— விழுந்துச்சு மேடம். மனுஷனான்னு கேட்டாரு.

— ஆமா, கேட்டேன். எங்க வேணாலும் கேட்பேன். சரி, இது மொத்தமும் எனக்கு வேணும். ஒண்ணு விடக் கூடாது. முகட்டு ஓடு எங்க? கண்ணாடி ஓடு ஒண்ணு இருந்திருக்குமே?

— அதெல்லாம் கடைசி லோடுல வருது சார். லாரி கேட்டுக்கு வெளியத்தான் நிக்குது. சொன்னீங்கன்னா இங்க இறக்கிடுவோம்.

— எதுக்கு இறக்கி ஏத்தணும்? நேரா என் வீட்டுக்கு அனுப்புங்க. லாரியில என்னென்ன இருக்கோ அத்தனையும் அப்படியே வரட்டும்.

— அத்தனையுமாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடைக்காரர் அப்புறம் திருப்பி எடுத்துக்க மாட்டாரு.

— உள்ளதைச் சொல்றேன் சார், எடுத்துக்க மாட்டேன்.

— யாரு திருப்பிக் குடுக்கப் போறா? இங்க பாரும்மா, வெறும் ஓடு யாருக்கு வேணும்? ஓடு எல்லாக் கடையிலயும் கிடைக்கும். எனக்கு வேண்டியது அந்த வீட்டோட உயிரு. அது நம்ம வீட்டுக்கு வரணும்.

— உயிரும் வரணுமா?

— அதுதான் முதல்ல வரணும்!

— வந்தா அதுக்கு ஒரு இடம் வேணுமேங்க. எங்க வைக்கிறது?

— இதென்ன கேள்வி? தியான அறையில. அந்தப் பின் ரூம் அமைதியா இருக்கும், காலை வெயில் வரும், பாத்ரூமும் பக்கம். அந்த உயிரு காலத்துக்கும் அங்கேயே குடியிருக்கட்டும்.

— பேச்சு மாற மாட்டீங்களே?

— நான் என்னைக்குப் பேச்சு மாறியிருக்கேன்? கடைக்காரரே, நீங்கதான் சாட்சி.

— சாட்சி சார். லாரியைக் கிளப்பச் சொல்லட்டுமா மேடம்?

— வேணாங்க, நானே போய்ச் சொல்லிடறேன். அம்மா! அம்மாவ்! லாரியை விட்டு இறங்காத, அப்படியே உக்காரு. வண்டி நேரா நம்ம வீட்டுக்குத்தான் போகுது. பின் ரூம் உனக்குத்தான்னு உன் மாப்பிள்ளையே சாட்சி வச்சுச் சொல்லிட்டாரு!