மிச்சமிருந்த ஒரு குரல்

குளிக்க அடம் பிடிக்காத ஆண்பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறான், டாக்டரம்மா? என் தம்பியும் அந்த ரகம்தான். என்ன, அவன் மூன்று வாரம் நீட்டுவான். தண்ணீரில் விஷம் கலந்திருப்பதாகச் சில குரல்கள் அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தன. கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதின சங்குதான். அவன் செவிடனும் இல்லை. உலகத்தில் இல்லாதவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும், அக்கா பேசுவதுதான் கேட்காது.

ஒருநாள் வீட்டின் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அவன் அறை ஜன்னல். விளையாட்டாகத்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னேன்: "தண்ணி நல்லாத்தான் இருக்கு. போய்க் குளிப்பா."

கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம். ஈரத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு வீடு வீடாயிற்று. சாப்பிடுப்பா, மாத்திரையப் போடுப்பா, நகத்த வெட்டுப்பா. நான் சொன்னால் முறைப்பான். ஜன்னலுக்குக் கீழே மூக்கால் பேசுகிற அவள் சொன்னால் வேதவாக்கு. "எப்படிக்கா இவ்வளவு பொறுமையா பாத்துக்கறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி மலைத்துப்போனாள்.

உங்கள் மருந்தும் வேலை செய்தது, மறுக்கவில்லை. ஒவ்வொரு குரலாக மூட்டை கட்டியது. தையல்கடை முதலாளி அவனை மறுபடி துணி வெட்டக் கூப்பிட்டார். ஒரு காலையில் தலை வாரிக்கொண்டே சொன்னான்:

"அக்கா, கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்காம். தனியா இருந்து பாக்கட்டுமா? நீயும் எத்தன நாளைக்கு என்னையே கட்டிட்டு அழுவ?"

"தாராளமா போடா. சோத்துல உப்பு இருக்கான்னு யாரு பாப்பா?"

"எனக்கும் நாக்கு இருக்குக்கா."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் வாளியை எடுத்துக்கொண்டு துணி உலர்த்தப் போனேன்.

"அந்த ரூமுக்குப் போகாதப்பா. அங்க உன்ன வேவு பாக்க ஆள் வச்சிருக்காங்க." மூக்கைப் பிடித்துக்கொண்டு அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த முறை உங்களிடம் உள்ளதைத்தான் சொன்னான்: "எல்லாம் போயிடுச்சு டாக்டர். ஒரு பொம்பள குரல் மட்டும் போக மாட்டேங்குது." நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். நீங்கள் மருந்தைக் கூட்டினீர்கள். அடுத்த மாதமும் கூட்டினீர்கள். இப்போது அவனுக்குக் கை நடுங்குகிறது, கத்தரிக்கோல் பிடிபடவில்லை. முதலாளி வேறு ஆள் பார்த்துக்கொண்டார். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"அக்கா, நிஜமா சொல்லு. அவ பேசறது உனக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்லையேடா கண்ணா," என்றேன். பாவம், தலை குனிந்துகொண்டான்.

அவனை இங்கேயே சேர்த்துக்கொள்ளப் போவதாக நீங்கள் சொன்னதால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அவனுக்கு ஒன்றுமில்லை, பேசியது நான்தான். தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், டாக்டரம்மா. என்னையும் அவளையும் விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?